ஊர்காவற்றுறை: ஓர் எல்லைச் சந்தைப் பட்டினத்தின் சமூகப் பொருளாதார வரலாறு

1

ஈழத்துத் தமிழர் வரலாறு நீண்ட காலமாக அரசர் வரலாறாகவும் கோயில் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. சிற்றூர்களும் சிறு பட்டினங்களும் அவ்வரலாற்றில் இடம்பெறுவது ஒரு படையெடுப்பின்போதோ ஒரு கோட்டை வீழ்ந்தபோதோ மாத்திரமேயாகும். படை சென்ற பின்னர் அவ்வூரில் யார் எஞ்சினர், என்ன தொழில் செய்தனர், அவர்தம் உழைப்பின் பயன் எவர் கைக்குச் சென்றது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. யாழ்ப்பாணத் தீவகத்தின் துறைமுகப் பட்டினமான ஊர்காவற்றுறையை அவ்வினாக்களின் அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறு பட்டினமொன்றை ஆராய்வதனால் பெரும் வரலாறு விளங்குமா என்று ஐயுறுவோர் உளர். வேல்சின் எல்லைப்புறக் கிராமமான பாண்டியில் 1921 இல் ஒரு புகையிரதச் சமிக்ஞைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த மார்க்சிய இலக்கிய ஆய்வாளர் றேமன்ட் வில்லியம்ஸ், 1973 இல் வெளியான கிராமத்தையும் நகரத்தையும் பற்றிய தமது நூலில், இங்கிலாந்தின் இலக்கிய வரலாற்றை அத்தகைய எல்லைப்புறத்து அனுபவத்தினின்றே மறுவாசிப்புச் செய்தார். அவ்வெல்லைப்புறத்துப் பட்டினங்கள் பலவற்றில் கோட்டையும் சந்தையும் அருகருகே அமைந்தன. அபர்கவெனி போன்ற ஊர்களில் நோர்மானியப் பிரபுக்கள் முதலில் கோட்டை கட்டினர். அதன் நிழலில் சந்தை தோன்றியது. காவலும் வாணிபமும் ஒரே அதிகாரத்தின் இரு கைகளாயின. ஊர்காவற்றுறையின் வரலாற்றிலும் இவ்விரு கைகளையும் நாம் காண்கிறோம். அங்கே எல்லை மலையாக இருந்தது. இங்கே கடலாக உள்ளது. ஆயினும் கடல் எப்பொழுதும் எல்லையாக இருந்ததில்லை என்பதே நமது கட்டுரையின் மையக் கருத்தாகும்.

2

முதலில் இடத்தை நோக்குவோம். வேலணை, சரவணை, நாரந்தனை, கரம்பொன், அல்லைப்பிட்டி, மண்கும்பான் முதலிய ஊர்களைக் கொண்ட பெருந்தீவின் வடமேற்கு முனையில் ஊர்காவற்றுறை அமைந்துள்ளது. எதிரே காரைநகர். இரண்டிற்கும் இடைப்பட்ட கால்வாயினூடாகவே திறந்த கடலிலிருந்து யாழ்ப்பாணக் கடனீரேரிக்குள் நுழையும் வழி செல்கிறது. யாழ்ப்பாணப் பட்டினத்தை அடுத்த கடல் ஆழமற்றது. பெருங்கலங்கள் அங்கு நெருங்க இயலாமையால் ஊர்காவற்றுறையில் நங்கூரமிட்டுச் சரக்கைச் சிறு வள்ளங்களுக்கு மாற்றவேண்டியிருந்தது. ஆகவே யாழ்ப்பாணத்தை ஆண்டவர் எவராயினும் இம்முனையைத் தம் வசத்தில் வைத்திருத்தல் இன்றியமையாததாயிற்று. பட்டினத்தின் செல்வத்துக்கும் சிறுமைக்கும் இப்புவியியல் ஏது நிலைக்களனாக இருந்தது. ஆனால் புவியியல் தானாக வரலாற்றை ஆக்குவதில்லை. அதைப் பயன்படுத்திய சமூக சக்திகளே வரலாற்றை ஆக்கின.

இத்துறை பற்றிய திட்டவட்டமான பழைய சான்று நயினாதீவிலுள்ளது. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையைக் கூறும் தமிழ்ச் சாசனம் அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையிலே வந்து இறங்கவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்று அச்சாசனம் கூறுகிறது. யானையும் குதிரையும் கொண்டு வந்த மரக்கலம் சிதைந்தால் நான்கிலொரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வாணிபச் சரக்குக் கொண்டு வந்த கலம் சிதைந்தால் பாதி பண்டாரத்துக்கும் பாதி உடையவனுக்கும் உரியன என்று விதிக்கிறது.

இச்சாசனத்தை வைத்து இரு தரப்பினர் வாதிடுவதுண்டு. சிங்கள அரசனது ஆணை என்பதனால் தீவகம் சிங்களவருடையது என ஒரு சாராரும், அது தமிழில் எழுதப்பட்டமையால் தீவகம் தமிழருடையது என மறுசாராரும் அதனை உரிமைப் பத்திரமாக்க முயல்வர். இரு சாராரும் சாசனத்தின் உள்ளடக்கத்தைப் படிக்கத் தவறிவிடுகின்றனர். அது நிலத்தைப் பற்றிய சாசனமன்று. சரக்கைப் பற்றிய சாசனம். பொலநறுவையிலிருந்து ஆண்ட மன்னன் தமிழில் ஆணை பிறப்பித்தமைக்குக் காரணம் இத்துறையில் வந்திறங்கிய வணிகரும் அவர்களோடு பழகியவரும் அறிந்த மொழி தமிழ் என்பதேயாகும். அரசு தனது வருவாயை நாடியது; வருவாய் தந்தவனின் மொழியில் பேசியது. சிங்களத்தில் ஊறாதொட்ட என்றும், பாளியில் சூகரதித்த என்றும், தமிழில் ஊராத்துறை என்றும் வழங்கிய பெயர்களில் ‘தொட்ட’, ‘தித்த’, ‘துறை’ ஆகிய மூன்றும் ஒரே பொருளன. மூன்று மொழியினரும் இதனை முதலிலே ஒரு துறையாகவே கண்டனர்.

யானைக்கும் குதிரைக்கும் தனிச் சலுகை அளிக்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. இரண்டும் போர்க் கருவிகள். பராக்கிரமபாகுவுக்கும் பர்மிய அரசனுக்கும் இடையே மூண்ட பகைக்கு யானை வாணிபம் பற்றிய பிணக்கும் ஒரு காரணமெனச் சூளவம்சம் கூறும். அடுத்து, சோழன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, சோழநாட்டின்மீது படையெடுக்கும் நோக்குடன் ஊராத்துறை, மாதோட்டம் முதலான இடங்களில் பராக்கிரமபாகு படை திரட்டிக் கலங்கள் கட்டுவித்தான் எனவும், சோழர் தரப்புப் படை அவ்விடங்களை அழித்து யானைகளைக் கைப்பற்றியது எனவும் கூறுகிறது. ஒரு சாசனம் வணிகரைக் காக்கச் சொல்கிறது. மற்றொன்று அதே துறை கொள்ளையிடப்பட்டதைப் பெருமையாகப் பேசுகிறது. இரண்டிலும் துறையின் உழைப்பாளிக்குப் பெயரில்லை. கலங்கட்டிய ஓடாவியும், யானையைக் கரையிறக்கிய பாகனும், அழிவின்போது ஓடியவரும் கல்லில் ஏறவில்லை.

3

1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். ஊர்காவற்றுறை அவர்களுக்கு யானைகளின் இறங்குதுறையாயிற்று. ‘காய்ஸ்’ என்னும் போர்த்துக்கேயச் சொல் இறங்குதுறையைக் குறிக்கும். இன்றும் ஆங்கிலத்தில் வழங்கும் ‘கைற்ஸ்’ என்ற பெயர் அதன் திரிபேயாகும். கால்வாயின் நடுவிலிருந்த சிறு திட்டில் அவர்கள் ஒரு கோட்டையை எழுப்பினர். 1658 இல் ஒல்லாந்தர் முதலில் அக்கோட்டையைப் பணியவைத்த பின்னரே அவ்வாண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். இலங்கையின் வடிவத்தைப் பன்றித் தொடை இறைச்சிக்கு ஒப்பிட்டு, அதன் குதிகால் என்னும் பொருள்பட அக்கோட்டைக்கு ‘ஹமன்ஹீல்’ எனப் பெயரிட்டனர். தீவுகளுக்கும் தம் நாட்டு நகரப் பெயர்களையே சூட்டினர்: வேலணை லெய்டனாயிற்று, காரைதீவு அம்ஸ்டர்டாமாயிற்று, நயினாதீவு ஹார்லெமாயிற்று, புங்குடுதீவு மிடெல்பேர்க்காயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் மாத்திரம் இன்றும் வழக்கில் நிலைத்துள்ளது. பெயரிடும் உரிமை உடைமையுரிமையின் முதற்படி என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி ஒரு வாணிப நிறுவனம். அதேவேளை ஓர் அரசு. இவ்விரட்டைத் தன்மையே அதன் சுரண்டலின் அடிப்படையாகும். யானை வாணிபத்தை எடுத்துக்கொள்வோம். வன்னிச் சிற்றரசர் கொம்பனிக்கு யானைகளைத் திறையாகச் செலுத்தினர். காட்டில் யானை பிடித்தவர்களின் உழைப்பு இத்திறையின் பெயரால் பெரிதும் ஊதியமின்றியே பெறப்பட்டது. யானைகள் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்கு நடத்தி வரப்பட்டு, கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த வணிகர்க்கு யாழ்ப்பாணத்தில் விற்கப்பட்டன. யானையின் உயரத்தை முழக்கணக்கில் அளந்து விலை குறித்தனர். யாழ்ப்பாணத்தின் தளபதியாயிருந்த ஹென்றிக் சுவார்தகுறூன் 1697 இல் தமக்குப்பின் வந்தோர்க்கு எழுதி வைத்த அறிக்கையில் யானை வாணிபம், சாயவேர், பனைமரம் ஆகியன கொம்பனியின் கவனத்துக்குரிய வருவாய்களாகப் பேசப்படுகின்றன. திறையாகப் பெற்ற விலங்கு பணமாக மாறிய இடம் துறைமுகம். நிலமானிய முறையின் திறையும் உலக வாணிபத்தின் நாணயமும் அங்கேதான் கைகோத்தன.

மூலதனத்தின் மூன்றாம் பாகத்தில் வணிக மூலதனத்தின் வரலாற்றை ஆராயும் மார்க்ஸ், வணிக மூலதனம் தன்னளவில் பழைய உற்பத்தி முறையை மாற்றுவதில்லை எனவும், பல சந்தர்ப்பங்களில் அதனைப் பேணி அதன்மீதே வாழ்கிறது எனவும் காட்டினார். யாழ்ப்பாணத்தில் நடந்ததும் அதுவே. கொம்பனி அடிமைமுறையைக் கலைக்கவில்லை. மாறாக 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமையில் அது சட்டவடிவம் பெற்றது. ஊழியம் என்னும் கட்டாய உழைப்பும் தொடர்ந்தது. சாயவேர் இதற்குச் சிறந்த உதாரணம். தீவுகளிலும் மன்னாரிலும் மணற்பாங்கான நிலத்தில் வளரும் செடியொன்றின் வேரே சாயவேர். துணிக்குச் செஞ்சாயம் ஊட்டப் பயன்பட்டது. அதனைத் தோண்டுதல் ஒரு குறித்த சாதியினரின் கடமையாக்கப்பட்டது. அவர்கள் தோண்டிய வேரைக் கொம்பனி தான் குறித்த விலைக்கே பெற்றது. சாதி, பண்பாட்டுக் கூறாக மாத்திரமன்றி உழைப்பைக் கட்டாயப்படுத்தும் பொறிமுறையாகவும் தொழிற்பட்டது என்பதை இது தெளிவாக்குகிறது.

இக்கால அனுபவம் மக்கள் நினைவில் எவ்வாறு பதிந்தது என்பதும் நோக்கற்பாலது. 1658 இல், ஒல்லாந்தர் ஆட்சி தொடங்கிய உடனேயே, அவர்களுக்கெதிராக ஒரு சதி யாழ்ப்பாணத்தில் உருவாகி முறியடிக்கப்பட்டது. சம்பந்தப்பட்டோர் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். மக்கள் வழக்கில் இந்நிகழ்ச்சிச் சூழல் பூதத்தம்பி கதையாக உருப்பெற்றது. அதிகாரி பூதத்தம்பியின் மனைவிமீது ஆசை கொண்ட அந்திராசி, வெற்றுத்தாளில் தந்திரமாகப் பெற்ற கையொப்பத்தைக்கொண்டு அவனைத் துரோகியாக்கிக் கொல்லுவித்தான் என்பது கதை. ஊர்காவற்றுறைக் கோட்டையையும் பூதத்தம்பியின் பெயரோடு சேர்த்துச் சொல்வர். கதை நாடகமாகவும் ஆடப்பட்டது. அரசியல் மோதலைத் தனிமனிதக் காமமாகவும் வஞ்சமாகவும் சுருக்கியது இக்கதையின் குறைபாடு என்று கூறி நாம் ஒதுக்கிவிடலாகாது. வெற்றுத்தாளிலிட்ட கையொப்பம் ஒருவனைக் கொல்லும் என்னும் கற்பனையில் அக்காலத்து மக்களின் ஆழ்ந்த அச்சமொன்று உறைந்துள்ளது. தோம்பும் வரிக்குறிப்பும் அனுமதிச்சீட்டுமாக, தமக்கு விளங்காத தாள்களினால் ஆளப்பட்ட மக்கள் அவர்கள். கடலில் செல்லும் சுதேசக் கலங்கள்கூடக் கொம்பனியின் சீட்டின்றிச் செல்ல முடியாத காலம் அது. நாட்டார் கதை காரணத்தைப் பிழையாகச் சொல்லலாம். ஆனால் கருவியைச் சரியாகவே இனங்கண்டது.

4

1795 இல் யாழ்ப்பாணம் பிரித்தானியர் வசமாயிற்று. 1833 இன் கோல்புறூக் சீர்திருத்தங்கள் கட்டாய ஊழியத்தையும் அரச ஏகபோகங்களையும் நீக்கின. 1844 இல் அடிமைமுறை சட்டரீதியாக ஒழிந்தது. நிலமும் கிணறும் எவரிடம் இருந்தனவோ அவரிடமே இருந்தமையால் விடுதலை பெற்றவரிற் பலர் அதே வளவில் அதே கூலிக்கு நின்றனர் என்பது உண்மையே. எனினும் துறைமுகத்தைப் பொறுத்தவரை ஒரு புதிய கட்டம் தோன்றியது. கொம்பனியின் பிடி தளர்ந்த இடத்தில் உள்ளூர்க் கப்பற்சொந்தக்காரரும் வணிகரும் எழுந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஊர்காவற்றுறை தோணிகளின் பட்டினமாகும். சுங்கமனையும் நீதிமன்றமும் தேவாலயங்களும் கடைத்தெருவும் அமைந்தன. யாழ்ப்பாணக் குடாநாடு தனக்கு வேண்டிய நெல்லை ஒருபோதும் முழுமையாக விளைவித்ததில்லை. புகையிலையை விற்று அரிசியை வாங்குவதே அதன் பொருளாதாரமாயிற்று. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்றது; பனைமரம் தென்னிந்தியக் கரைக்குச் சென்றது; சங்கு வங்காளத்துக்குச் சென்று அங்குள்ள பெண்களின் கைவளையாயிற்று; தமிழகக் கரையிலிருந்து அரிசியும் துணியும் வந்தன. இவ்வாணிபத்தில் காங்கேசன்துறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை ஆகியனவும் பங்குகொண்டன. வடபகுதிக் கடலோடிகளின் திறமைக்கு, வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தமையே போதிய சான்றாகும்.

இப்பொருளாதாரத்தின் உள்முரண்பாடுகளை மறைத்தலாகாது. கப்பலுக்குச் சொந்தக்காரன் ஒருவன். அதனை நடத்திய தண்டையல் மற்றொருவன். பாய் கட்டியவரும் சரக்கிறக்கியவரும் வேறு சிலர். மீன்பிடித்துறையில் வலைக்கும் வள்ளத்துக்கும் உரிய சம்மாட்டிக்கும் கரைவலை இழுத்தவர்களுக்கும் இடையே முற்பணமும் கடனும் பாலமாக இருந்தன. அப்பாலத்தைக் கடந்து மறுகரை சேர்ந்த கூலியாளர் மிகச் சிலரே. வேளாண்மை நிலவுடைமையோரின் பார்வையில் கடற்றொழிலாளர் சமூகங்கள் தாழ்ந்தனவாயினும், கடல்வழி வந்த பணமும் கத்தோலிக்கத் திருச்சபையின் கல்வியும் அவர்களுட் சிலருக்கு நிலவுடைமைப் படிநிலைக்கு வெளியே ஒரு வழியைத் திறந்தன. ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியை இப்பின்னணியில் வைத்தே நோக்கவேண்டும். உலகத் தமிழாராய்ச்சி இயக்கத்தின் முன்னோடியான தனிநாயகம் அடிகள் 1913 இல் கரம்பொனில் பிறந்தவர். தமிழ் கடல்கடந்த மொழி என்னும் அவரது உணர்வு ஏட்டுக் கல்வியினால் மாத்திரம் உருவானதன்று; கடலை நோக்கி வாயில் திறந்திருந்த ஒரு சூழலின் பேறும் அது எனலாம்.

உலகச் சந்தை தந்ததை உலகச் சந்தையே பறித்தது. 1868 இல் ஜேர்மனியின் இரசாயனவியலாளர் அலிசரின் என்னும் செஞ்சாயத்தைச் செயற்கையாக ஆக்கும் முறையைக் கண்டனர். ஐரோப்பாவின் மஞ்சிட்டி வயல்களை அழித்த அதே கண்டுபிடிப்பு தீவகத்தின் சாயவேரையும் பயனற்றதாக்கியது. பேர்லினில் ஓர் ஆய்வுகூடத்தில் நடந்தது தீவகத்து மணலில் குனிந்து வேர் தோண்டியவரின் வாழ்வைத் தொட்டது. அவர் அதனை அறிந்திருக்க நியாயமில்லை. 1905 இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான புகையிரதப் பாதை பூர்த்தியாயிற்று. 1914 இல் தலைமன்னார்–தனுஷ்கோடிக் கப்பற்சேவை தொடங்கியது. இவற்றால் சரக்கின் திசை மாறியது. தோணி கொண்டு வந்த அரிசியைக் கொழும்புத் துறைமுகத்தினின்று புகையிரதம் கொண்டு வரலாயிற்று. தோட்டப் பொருளாதாரத்துக்காகக் கட்டியெழுப்பப்பட்ட கொழும்பு, நாட்டின் ஏனைய துறைகளையெல்லாம் வறுமைப்படுத்தி வளர்ந்தது.

பொருளைத் தொடர்ந்து மனிதரும் சென்றனர். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு முதலான ஊரவர் கொழும்பிலும் தென்னிலங்கையின் சிறு பட்டினங்களிலும் சுருட்டுக்கடை, பலசரக்குக்கடை, சாப்பாட்டுக்கடை நடத்தினர். முதலில் ஒருவர் செல்வார். பின்பு மருமகனும் அயலவர் பிள்ளையும் கடைச் சிப்பந்திகளாகச் செல்வர். தீவகத்தில் எழுந்த கல்வீடுகளிற் பல தென்னிலங்கைக் கல்லாப்பெட்டிகளில் சேர்ந்த பணத்தால் கட்டப்பட்டவை. 1947 இல் ஊர்காவற்றுறைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற ஆல்பிரட் தம்பிஐயா கொழும்பில் தொழில் நடத்திய வர்த்தகராவார். தீவகத்தின் வணிக வர்க்கம் தனது மூலதனத்தைத் தீவகத்தில் இடவில்லை. துறைமுகம் பாழாகியபோது அதற்காகக் குரல் கொடுக்கும் பொருளாதார நலன் அவ்வர்க்கத்துக்கு இல்லாமற்போனமைக்கு இதுவும் காரணமாகும்.

5

ஆயினும் ஊர்காவற்றுறைக்கு இறுதி அடி கொடுத்தது புகையிரதமன்று, தேசிய அரசே. 1948 ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் அதனைத் தொடர்ந்த அந்நியச் செலாவணி, இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் பாக்குநீரிணையின் பொருளையே மாற்றின. அதுவரை பாதையாக இருந்த கடல் எல்லையாயிற்று. தந்தை வாணிபம் என்று செய்த தொழில் மகன் செய்தபோது கள்ளக் கடத்தலாயிற்று. தந்தை பயணி, மகன் ‘கள்ளத்தோணி’. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த அதே அரசு, அதே ஆண்டுகளில், வடக்குக் கரையை ஐயத்துடன் நோக்கத் தொடங்கியமை தற்செயலானதன்று. 1952 இலும் 1963 இலும் சட்டவிரோதக் குடிவரவைத் தடுத்தற்கென இராணுவ நடவடிக்கைகள் வடகரையில் தொடங்கப்பட்டன. காரைநகரில் அமைந்த கடற்படைத் தளத்துக்குத் தமிழ் மன்னன் எல்லாளனின் பெயரையே சூட்டினர். பெயர் தமிழருடையது, துப்பாக்கியின் முகமோ தமிழ்க் கடலோடியை நோக்கியது. 1974, 1976 ஆம் ஆண்டுகளின் இந்திய–இலங்கை உடன்படிக்கைகள் கடலின்மீது கோட்டை வரைந்து முடித்தன.

தீவகத்தின் துயரையெல்லாம் கொழும்பின் மேல் ஏற்றிவிட்டால் நமது ஆய்வு ஒருபக்கச் சார்புடையதாகிவிடும். தீவுகளில் நன்னீர் அரிது. நன்னீர்க் கிணறு எவரிடமோ அதிகாரம் அவரிடம். 1971 இல் புங்குடுதீவில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் நன்னீர் அள்ளும் உரிமைக்காக நடந்த போராட்டத்தில் எழுத்தாளர் மு. தளையசிங்கம் முன்னின்றார், பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானார், 1973 இல் தமது முப்பத்தெட்டாம் வயதளவில் மறைந்தார். மார்க்சிய விமர்சகரோடு அவர் கடுமையாக முரண்பட்டவர். அவரது ஆத்மீக நோக்கை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் கிணற்றடியில் எவர் நின்றார் என்னும் கேள்வி எழும்போது, கோட்பாட்டுத் தெளிவு நம்மிடமிருந்தது, கிணற்றடியில் அவர் நின்றார் என்று ஒப்புக்கொள்ளுதலே நேர்மையாகும். முற்போக்கு விமர்சன மரபு அவருக்குரிய இக்கடனை இன்னும் முழுமையாகத் தீர்க்கவில்லை.

1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தென்னிலங்கையிலிருந்த தீவகத்தாரின் கடைகள் எரிந்தன. திரும்பி வந்தவர்களுக்கு ஊரிலே தொழிலில்லை. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து சென்ற குமுதினிப் படகில் குழந்தைகள் உட்பட இருபதுக்கு மேற்பட்ட பயணிகள் கடலிலேயே வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990 இல் படையினர் தீவகத்தினுள் நுழைந்தபோது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்டோர் பலர் மீளவில்லை. மக்கள் பெருந்தொகையாகக் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். 1992 ஆகஸ்ட் 8 அன்று அராலி முனையில் வெடித்த கண்ணிவெடியில் லெப்டினன்ட் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ கொல்லப்பட்டபோது உலகச் செய்திகளில் இத்தீவின் பெயர் அடிபட்டது. அரசர் காலத்தைப்போன்றே படைத்தலைவன் வீழ்ந்தபோதுதான் ஊருக்குப் பெயர் கிட்டியது. 2006 மே மாதத்தில் அல்லைப்பிட்டியில் பொதுமக்கள் பதின்மூவர் ஓரிரவில் கொல்லப்பட்டனர். வெறிச்சோடிய ஊர்களின் குரலைப் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் தமது ‘காற்றுவெளிக் கிராமம்’ தொகுதியிலே பதிவுசெய்துள்ளார். கல்லிற் பொறிக்கப்படாதவர்கள் கவிதையிலேனும் இடம்பெற்றமை ஆறுதல் தருவது.

6

போர் 2009 இல் முடிந்தது. மக்களில் ஒரு பகுதியினர் மீண்டனர். ஒரு பகுதியினர் பாரிஸிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வேரூன்றிவிட்டனர். முற்காலத்தில் தொற்றுநோயாளரின் தனிமையிடமாகவும், 1971 கிளர்ச்சியில் கைதானோரின் சிறையாகவும் இருந்த ஹமன்ஹீல் கோட்டை கடற்படையினரால் உல்லாசப் பயணிகளின் விடுதியாக்கப்பட்டது. சிறை இருந்த அறையில் விருந்து பரிமாறப்படுகிறது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட கால்வாயைக் கடக்க மக்கள் பாதைப் படகையே நம்பியிருக்கின்றனர்.

2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பற்சேவை தொடங்கப்பட்டது. ஊர்காவற்றுறைத் துறைக்கு அத்தகைய வாழ்வு எதுவும் வரவில்லை. ஆனால் வல்லரசுகளின் பார்வை தீவகத்தை விட்டு அகலவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய, காற்று மின்திட்டத்தை ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்க 2021 இல் எடுத்த முடிவு கைவிடப்பட்டு, 2022 இல் இந்தியாவின் நிதியுதவியுடன் அதனை நிறைவேற்ற உடன்பாடு காணப்பட்டது. மின்சாரம் யாருடைய விளக்கை எரிக்கும் என்பதைவிட அதன் கம்பத்தில் யாருடைய கொடி இருக்கும் என்பதே பெரும் விவாதப் பொருளாயிற்று. யானையும் குதிரையும் இருந்த இடத்தில் இன்று காற்றாடி நிற்கிறது, அவ்வளவே வேறுபாடு.

கடற்றொழிலாளரின் இன்றைய பிரச்சினையையும் இவ்வெளிச்சத்திலேயே காணவேண்டும். தமிழகத்து இழுவைப்படகுகள் கடலடியை வாரிச் செல்கின்றன; போரினால் வலையும் வள்ளமும் இழந்த தீவக மீனவர் தம் எஞ்சிய வளத்தையும் இழக்கின்றனர். 2017 இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. இதனை இந்தியா–இலங்கைப் பிணக்காகவோ, தமிழரும் தமிழரும் மோதும் அவலமாகவோ சித்திரிப்பது வழக்கம். இழுவைப்படகின் சொந்தக்காரர் கரையில் இருக்கிறார். அதில் வந்து கடற்படையிடம் பிடிபடுபவர் கூலிக்கு வந்தவர். நெடுந்தீவுக் கடலில் வலை அறுபட்டவரும் அவரைப்போன்ற உழைப்பாளியே. எல்லைக்கோட்டின் இருபுறமும் சிறைப்படுவோர் ஒரே வர்க்கத்தினர். இவ்வுண்மை உணரப்படாதவரை, இரு நாட்டு அரசியல்வாதிகளும் அக்கோட்டைக் காட்டியே தம் காலத்தைக் கடத்துவர்.

நாம் தொகுத்து நோக்குவோமாயின், ஊராத்துறை வணிகர் வந்திறங்கிய துறை. கைற்ஸ் கொம்பனியின் இறங்குதுறை. ஊர்காவற்றுறை என்னும் இன்றைய பெயரிலோ காவல் முந்தி நிற்கிறது. பழைய கல்வெட்டுகளில் இல்லாத ‘காவல்’ பின்னரே பெயரினுட் புகுந்ததெனக் கருத இடமுண்டு. துறையைக் காத்தவர் பலர். துறையில் உழைத்தவரைக் காத்தவர் எவருமிலர். இப்பட்டினத்தின் பழம்பெருமையைப் பேசி மகிழ்வது எளிது. ஆனால் அப்பெருமையின் கணக்கைத் தீர்க்காமல் புதிய பெருமையைக் கட்டியெழுப்ப இயலாது. சாயவேர் தோண்டியவர், கரைவலை இழுத்தவர், பாய் கட்டியவர், கடைச் சிப்பந்தி, குமுதினியில் பயணஞ் செய்தவர் ஆகியோரின் வாய்மொழிச் சான்றுகள் முதியோரின் மறைவோடு நம் கண்முன்னே அழிந்துகொண்டிருக்கின்றன. சுங்கமனைக் குறிப்பேடுகளையும் கோயிற் பதிவேடுகளையும் தேடும் அதே வேகத்துடன் அச்சான்றுகளையும் நம் மாணவர் ஊரூராகச் சென்று சேகரித்தல் வேண்டும். எல்லைகள் வரையப்படுவதற்கு முன்னர் இக்கடல் எவ்வாறு பாதையாக இருந்தது என்பதை நேரில் அறிந்த கடைசித் தலைமுறையினர் இன்னும் சிலர் நம்மிடையே உளர். அவர்களிடம் கேட்பது வரலாற்று மாணவரின் கடமை. கேட்டதைக்கொண்டு கடலை மீண்டும் பாதையாக்குவது அக்கடலில் உழைக்கும் மக்களின் கடமையாகும்.